கதிரவனும் கோளும்

நீராவிப் பொறி மேலும் கீழும் அசைந்தது. ஆலையோ சுழற்சியைக் கேட்டது. இரண்டையும் இணைக்க வளைதண்டு போதும். மிதித்து இயக்கும் கடைசல் பொறியில் நெடுநாளாய்க் கண்ட கருவிதான்! எனினும் அதனை நீராவிப் பொறியில் பொருத்தும் முறைக்கு 1780-இல் பர்மிங்காம் நகரின் ஜேம்ஸ் பிக்கார்டு காப்புரிமை பெற்றார்.

வழி அடைபட்டது, வாட் வாளாவிருந்தாரா? இல்லை. 1781-இல் மாற்று வழிகள் ஐந்துக்குக் காப்புரிமை பெற்றார். அவற்றுள் ஒன்று, கதிரவனைக் கோள் சுற்றுவதுபோல் பற்சக்கரத்தைப் பற்சக்கரம் சுற்றும் அமைப்பு. அதனை ஆக்கியவர் அவரிடம் பணிபுரிந்த வில்லியம் மர்டாக் என்பர். ஏட்டிலோ வாட்டின் பெயர்!

அந்த வாட்டே, 1769-இல் பெற்ற தம் உரிமையை 1775-இல் பாராளுமன்றச் சட்டத்தால் 1800 வரை நீட்டித்துக்கொண்டவர். பிறர் போட்ட வேலி அநீதி. தாம் போட்டது நீதியோ?

தோழர்களே, உழைத்த கைக்கு உரிமை வேண்டும். ஊரார் அறிவுக்குப் பூட்டு வேண்டாம்!