ஒலிக்கலவையில் எதிரொலி பஸ்ஸின் வரலாறு

ஒலிப்பதிவில் ‘பஸ்’ என்பது பல தடங்களின் ஒலி ஒன்றுசேர்ந்து செல்லும் பொதுவழி ஆகும். சாலையில் ஓடும் பஸ்ஸுக்கும் இதற்கும் வேர்ச்சொல் ஒன்றே: ‘எல்லோருக்கும்’ எனப் பொருள்படும் ‘ஓம்னிபஸ்’ என்ற இலத்தீன் சொல்.

வானொலி நிலையங்களில் 1930களிலேயே எதிரொலி அறைகள் இருந்தன. எனினும் வெகுமக்கள் இசைத்தட்டில் எதிரொலியைத் திட்டமிட்டுக் கலந்தவர் என்று பெரிதும் அறியப்படுபவர் சிகாகோவின் பில் புட்னம். 1947இல் ‘ஹார்மோனிகேட்ஸ்’ என்ற மவுத் ஆர்கன் குழுவின் ‘பெக் ஓ மை ஹார்ட்’ பதிவுக்கு அவர் ஒலிப்பதிவுக் கூடத்தின் கழிப்பறையைப் பயன்படுத்தினார். இசையின் ஒரு பகுதி அங்கிருந்த ஒலிபெருக்கிக்கு அனுப்பப்பட்டது. சுவர்களில் மோதி எழுந்த முழக்கத்தை ஒரு மைக் திரும்பக் கொண்டுவந்தது. அது நேரடி ஒலியோடு கலக்கப்பட்டது. அந்த இசைத்தட்டு அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பெற்றது.

அனுப்புதல், திரும்பப் பெறுதல் என்ற இந்த ஏற்பாடே பின்னர் கலவை மேசைகளில் ‘சென்ட்’, ‘ரிட்டர்ன்’ என நிலைபெற்றது. காரணம் பெரும்பாலும் சிக்கனமே. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அறை கட்ட எவராலும் முடியாது. எனவே ஒவ்வொரு தடத்திலும் ஒரு சிறு குமிழ் வைத்து, எல்லாவற்றையும் ஒரே பஸ்ஸில் சேர்த்து, ஒரே அறைக்கு அனுப்பினர். வறுமையில் பிறந்த இந்த வழியால் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது: தனித்தனியாகப் பதிவான குரலும் வயலினும் டிரம்ஸும் ஒரே கூடத்தில் ஒலிப்பதாகக் காதுக்குத் தோன்றின.

குமிழின் இணைப்பு எங்கே என்பதும் முக்கியம். ஃபேடருக்குப் பின் ஒலியை எடுத்தால், குரலைக் குறைக்கும்போது எதிரொலியும் குறையும். முன்னதாக எடுத்தால் குரல் மறைந்தாலும் எதிரொலி நிற்கும். பாடகர் தொலைவுக்கு நடந்து போவது போலிருக்கும்.

1957இல் ஜெர்மனியின் இ.எம்.டி. 140 வந்தது. அதிரும் எஃகுத் தகடு அறையின் வேலையைச் செய்தது. 1976இல் இ.எம்.டி. 250 அதே வேலையை டிஜிட்டல் முறையில் செய்தது. இவையும் விலை மிகுந்தவை; பஸ் தொடர்ந்தது.

இன்று கணினியில் தடத்துக்கொரு எதிரொலி போடலாம். புதியவர்கள் பலர் அப்படியே செய்கின்றனர். ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு அறையில் இருப்பதுபோல் பாட்டு சிதறிப்போகிறது. கம்ப்ரஸர், ஈக்வலைசர் போன்றவை தடத்தின் முழு ஒலியையும் மாற்ற வேண்டியவை என்பதால் பொதுவாகத் தடத்திலேயே இடப்படுகின்றன. எதிரொலியோ மேலே சேர்க்கப்படுவது. அதைப் பஸ்ஸில் வைக்கும்போது நேரடி ஒலியைச் சுழியமாக்கி, எதிரொலியை மட்டும் திரும்பப் பெற வேண்டும். நேரடி ஒலி தன் தடத்தின் வழியே ஏற்கெனவே கலவைக்கு வந்துவிடுகிறது.