பெண் தெய்வமும் பச்சை எண்ணெயும்

1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோயன் நிறுவனம் டி.எஸ். காரை அறிமுகப்படுத்தியது. அவ்விரு எழுத்துகளைப் பிரெஞ்சில் ஒலித்தால் ‘பெண் தெய்வம்’ என்னும் சொல் கிடைக்கும். அமைப்பியல் விவாதங்களின் வழி நம் சிற்றிதழ்களுக்கு அறிமுகமான ரோலான் பார்த், 1957இல் வெளியான தம் கட்டுரைத் தொகுப்பில் இக்காரை இடைக்காலப் பேராலயங்களோடு ஒப்பிட்டார். அவர் வியந்தது அதன் மேனியை. நாம் பேச விழைவது அதன் குருதியை.

பால் மாஜெஸ் உருவாக்கிய இந்த சஸ்பென்ஷனில் எஃகு வில் இல்லை. சக்கரத்துக்கு ஒரு கோளம்; அதனுள் ரப்பர்ச் சவ்வின் ஒருபுறம் நைட்ரஜன், மறுபுறம் அழுத்தமேற்றிய திரவம். சுமை ஏறினாலும் வண்டியின் உயரம் மாறாது. நெம்புகோலை நகர்த்தினால் வண்டியே எழும், தாழும். பிரேக்கும் ஸ்டியரிங்கும்கூட அதே அழுத்தத்தை நம்பியிருந்தன. ஆகவே கசிவு என்பது சொகுசுக் குறைவு மட்டுமன்று, உயிர் சார்ந்த சிக்கல்.

தொடக்க காலத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சியது, உட்புறம் துருவேறியது. 1966இல் பச்சைநிறக் கனிம எண்ணெய் வந்த பின்னரே இந்நோய் தணிந்தது. புதிய உறுப்புகளுக்கும் பச்சை வண்ணமே பூசினர். ஒன்றுக்குரிய திரவத்தை மற்றதில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். எனவே மெக்கானிக்கின் முதற்கேள்வி நிறம் பற்றியதே.

மற்ற அறிகுறிகளும் தெளிவானவை. வண்டி கல்லாக அதிர்ந்தால், பெரும்பாலும் சவ்வின் வழியே நைட்ரஜன் கசிந்து குறைந்திருக்கும். அழுத்தச் சீராக்கி அடிக்கடி ‘டிக்’கென்று ஒலித்தால், அழுத்தச் சேமிப்புக் கோளத்தை ஐயுற வேண்டும்.

1975இல் டி.எஸ். உற்பத்தி நின்றது. எஞ்சிய வண்டிகள் இன்றும் எழுந்து நிற்பது, இவ்வறிவைக் கைமாற்றி வந்த பட்டறைகளால்தான்.