வேடமும் கடனும்: செங்கற்பட்டு நிலத்து மன்னிப்பு வரலாறு

மாமல்லைக் கடற்கரையையும் பரங்கிமலையையும் தன்னகத்தே கொண்டிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் குன்றத்தூர், திருப்பெரும்புதூர் என இரண்டு ஊர்கள் உள. முன்னது, பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். பின்னதில், 1991 மே 21 இரவு, முன்னாள் தலைமையமைச்சர் இராசீவ் காந்தி கொல்லப்பட்டார். மாலையொடு வந்து, அடிபணிவாள் போலக் குனிந்த பெண்ணொருத்தி தன் உடலிற் கட்டியிருந்த குண்டினை வெடிக்கச் செய்தாள்.

இந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் சேக்கிழார் பாடிய மெய்ப்பொருள் நாயனார் வரலாறு நம் நினைவிற்கு வருகின்றது. போரில் வெல்லமாட்டாத முத்தநாதன் நீறு பூசி, சுவடிக்குட் கத்தியை மறைத்துக் கொணர்ந்து, தன்னை வணங்கிய திருக்கோவலூர் மன்னரைக் குத்தினான். அங்கு வணங்கியவர் வீழ்ந்தார். இங்கு வணங்குவாள் போன்றவள் வீழ்த்தினாள். வாளோங்கிய தத்தனைத் தடுத்த மன்னர், கொன்றவனை ஊறின்றி ஊர்ப்புறம் சேர்க்குமாறு பணித்தார். அவன் சென்றமை கேட்ட பின்னரே உயிர் நீத்தார்.

இதனைக் கிறித்தவ மன்னிப்போடு ஒன்றெனக் கூறுவாரும் உளராகலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. நாயனார் காத்தது பகைவனையன்று. அவன் மேற்கொண்ட திருவேடத்தை. சிலுவையில் இயேசு தம்மைக் கொல்வோர்க்காக வேண்டியபோதோ, அவர்தம் செயல் பிழையென்பது மறைக்கப்படவில்லை. பகைவர் பகைவராகவே அன்பு செய்யப்பட்டனர். மத்தேயு நற்செய்தியில் அவர் கற்பித்த செபம், கிரேக்க மூலத்திலேயே, பிழையைக் ‘கடன்’ என்று சுட்டுகின்றது. இவ்வுருவகம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கடனைத் தள்ளுபவர் அவ்விழப்பைத் தாமே ஏற்கின்றார். கொடுத்தவரன்றிப் பிறர் அதனைத் தள்ளுதலும் இயலாது.

பெரும்புதூர் வழக்கில் இக்கருத்துக் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. 1999இல் உச்சநீதிமன்றம் நால்வர்க்குத் தூக்குத் தண்டனையை உறுதி செய்தது. அவருள் நளினி சிறைப்பட்டிருந்த காலத்தே மகவீன்றவர். கணவரை இழந்த சோனியா காந்தி அவர்பொருட்டு இரக்கம் வேண்டினார். 2000இல் நளினியின் தண்டனை ஆயுட்சிறையாயிற்று. 2008 மார்ச்சில் மகள் பிரியங்கா வேலூர்ச் சிறைக்குச் சென்று நளினியைக் கண்டார். தம் இழப்பொடு தாம் அமைதி காணும் வழி அதுவென்றார். சோனியா கத்தோலிக்கக் குடியிற் பிறந்தவரெனினும், இச்செயல்களைச் சமயத்தின் விளைவென்று துணிதற்கு நம்மிடம் சான்றில்லை. தமக்குரிய கடனை அவர்கள் தள்ளினர் என்னுமளவே கூறலாம்.

ஆயின், அன்றிரவு மாண்டவர் இராசீவ் ஒருவரல்லர். காவலரும் பொதுமக்களுமாகப் பத்துக்கு மேற்பட்டோர் உடன் மடிந்தனர். அவர்தம் குடும்பத்தினர் சிலர் குற்றவாளிகளின் விடுதலையை எதிர்த்து உச்சநீதிமன்றத்தை அணுகினர்; வெடியிற் காயமுற்றுப் பிழைத்த காவல் அலுவலர் ஒருவரும் மறுத்துரைத்தார். அன்பிலார் என்று இவர்களைப் பழித்தல் தகாது. ஒருவர் தள்ளிய கடன் மற்றவர் கணக்கைத் தீர்ப்பதன்று. கோவலூரிற் கொலைஞனைச் சூழ்ந்த மாந்தர், தத்தன்வாய் அரசாணை கேட்டு விலகினர். பெரும்புதூரில் உறவிழந்தார்க்கு அவ்வாறு ஆணையிட எவருமிலர். 2022 நவம்பரில் நளினி உள்ளிட்ட அறுவரை உச்சநீதிமன்றம் விடுவித்ததும் சிறையினின்றே.