சோழவரம் பலகையும் ஏலகிரி வாக்கி டாக்கியும்

ஆம்பூர் டேனரியில டிரம் சுத்துற இடத்துல நின்னவங்களுக்குத் தெரியும், அங்க வாய் வேலைக்கு ஆகாது, கைஜாடைதான். கார் ரேஸ் பழங்கதையைப் படிக்கும்போது, அட, இதுவும் நம்ம டேனரி கதைதானேன்னு தோணிச்சு.

சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். 1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. 1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரைக்கும் சோழவரம்தான் இந்தப் பக்கத்து ரேஸ் பிரியர்களுக்குக் கோயில். ஓட்டுறவருக்குச் சேதி சொல்லக் கொடியும், பிட் ஓரமா நீட்டுற பலகையும்தான். சுத்துக்கு ஒரு தடவை, ஒரு நொடி கண்ணுல படும். அதனால பலகையில ரெண்டு எழுத்து, ஒரு எண். அவ்வளவுதான்.

80களில் ஃபார்முலா ஒன் அணிகள் ரேடியோவுக்கு மாறின. நம்மூர்ல காசு இருந்தாலும் சட்டம் குறுக்கே நின்னது. வெள்ளைக்காரன் போட்ட 1933ம் வருஷத்து வயர்லெஸ் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாம கருவியைக் கையில வச்சிருந்தாலே குற்றம். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தி வாக்கி டாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்னு விதி வந்தது 2018லதான்.

ஆசை விடுமா? நானும் மச்சானும் அப்படி ஒரு ஜோடி வாங்கி, ரெண்டு கார்ல ஏலகிரி கிளம்பினோம். ஹைவேஸ்ல குரல் கணீர்னு வந்தது. மலையில 14 கொண்டை ஊசி வளைவு; நடுவுல ரெண்டு மூணு வளைவு வந்துட்டா வெறும் கொர்ர்ர். இந்த அலை நேரா போற ஜாதி, மலையைத் தாண்டாது. கார் தகரமும் கொஞ்சம் தின்னுடும்.

ஒரு வளைவுல முன்னாடி போன மச்சான் ஆரம்பிச்சான்: "மாப்ள, இங்க ஒரு விஷயம் பாரு, மேலேர்ந்து என்ன வருதுன்னா..." பதில் சொல்ல ஒரு கையால பட்டனைத் தேடுறேன், எதிர்ல பஸ்! எப்படி ஒடிச்சேன்னு இன்னிக்கும் தெரியல.

ரேஸ் கார்ல பேசுற பட்டனை ஏன் ஸ்டீரிங்லயே வைக்கிறாங்கன்னு அப்பத்தான் உறைச்சது. மைக் ஹெல்மெட்டுக்குள்ள உதட்டை ஒட்டி இருக்கும். காதுல அடைப்பான் மாதிரி ஸ்பீக்கர், இன்ஜின் சத்தத்தையும் தடுக்கும்.

செட் வாங்குறவங்க முதல்ல லைசென்ஸ் விஷயத்தைப் பாருங்க; மலிவா கிடைக்குதுன்னு பவர் கூடின செட்டை வாங்கி மாட்டிக்காதீங்க. அடுத்து பட்டன், காது. வாட் கணக்கு கடைசி.

அதுக்கும் மேல, சோழவரம் பலகையை மறக்காதீங்க. அன்னிக்கு மச்சான் "பஸ்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும் :-)