கெட்டரிங்கின் பொடிடப்பியும் செராம்பூரின் பொதுப்பணமும்

திருச்சபை வரலாறு பயில்வோர் வில்லியம் கேரியை நன்கறிவர். ஆயின் அவரை அனுப்பிய சங்கத்தின் முதற்பணம் எவ்வாறு திரண்டது, அப்பணத்தின் வழிவந்த சொத்து பின்னர் எத்தகைய வழக்கை எழுப்பிற்று என்பன அவ்வளவாக ஆராயப்படுவதில்லை. நம்முள் பலர் பெற்றுள்ள இறையியல் பட்டம் செராம்பூரின் பெயரைத் தாங்கி நிற்பதால், இவ்வழக்கு நமக்கு அந்நியமானதன்று.

1792 அக்டோபர் 2ஆம் நாள், இங்கிலாந்திலுள்ள கெட்டரிங் என்னும் ஊரில், ஒரு விதவையாரின் இல்லத்துப் பின்னறையில் பாப்திஸ்துப் போதகர் சிலர் கூடினர். அவர்களுடன் ஒரு மாணவரும் ஓர் உதவிக்காரரும் இருந்தனர். இருவர் இரண்டு கினி வீதமும், அறுவர் ஒரு கினி வீதமும், ஐவர் அரைக் கினி வீதமும் தர வாக்களித்தனர். கினி என்பது 21 ஷில்லிங். ஆக மொத்தம் 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். அரைக் கினி தந்தவருள் ஒருவர் தம் பெயரை எழுதவில்லை. அவர் ஸ்டாட்டன் என்னும் அம்மாணவரே என்பர். ஆண்ட்ரூ ஃபுல்லரின் பொடிடப்பியே அன்று காணிக்கைப் பெட்டியாயிற்று. காசு கலகலத்து விழுந்ததாக எண்ணிவிடலாகாது. விழுந்தவை வாக்குறுதிச் சீட்டுகளே.

பட்டியலில் கேரியின் பெயர் இல்லை. கொடுக்க அவரிடம் பணமில்லை; அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த தம் நூலின் ஆதாயத்தைத் தருவதாகச் சொன்னார். அந்நூலில் பணத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. வணிகர் கூட்டாகச் சேர்ந்து கடல் கடப்பதுபோல விசுவாசிகளும் ஒரு சங்கமாகச் சேரலாம் என்கிறார். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரலாம் என்கிறார். அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சர்க்கரையை அந்நாளில் பல குடும்பங்கள் விலக்கியிருந்தன. அதனால் மிஞ்சும் காசை இப்பணிக்குத் தரலாமே என்றும் கேட்கிறார். வீட்டுக்கணக்கு அறிந்த ஏழையின் பொருளாதாரம் இது.

இந்நண்பர் வட்டம் ஒரே நாளில் உருவானதன்று. ஃபுல்லர், சட்கிளிஃப், ரைலண்ட் ஆகியோர் 1784 முதலே மாதந்தோறும் கூடி ஜெபிக்கும் வழக்கத்தைத் தங்கள் சபைகளில் நிறுவியிருந்தனர். எட்டாண்டு ஜெபத்திற்குப் பின்னரே பணம் பேசப்பட்டது. லண்டனின் வசதிமிக்க சபைகள் தொடக்கத்தில் ஒதுங்கியே நின்றன. ஆயினும் அம்மாதம் முடியுமுன் பர்மிங்காம் போதகர் சாமுவேல் பியர்ஸ் தம் சபையாரிடமிருந்து 70 பவுன் திரட்டி வந்தார். செயலாளராகிய ஃபுல்லரோ, 1815இல் இறக்கும்வரை ஊர் ஊராக அலைந்து பணம் சேர்த்தார்; ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஐந்து முறை சென்றார்.

1793இல் வங்காளம் சேர்ந்த கேரி, மறு ஆண்டே அவுரித் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும், தமக்கு இனி உதவித்தொகை வேண்டாம் என எழுதினார். 1800இல் செராம்பூரில் அவரும் மார்ஷ்மனும் வார்டும் ஒரே பணப்பையில் வாழத் தொடங்கினர். கேரியின் கல்லூரிச் சம்பளம், மார்ஷ்மன் குடும்பத்தாரின் விடுதிப் பள்ளி வருவாய், வார்டின் அச்சக வருவாய் யாவும் பொதுநிதியில் சேர்ந்தன. வீட்டுச் செலவுக்குச் சிறு படி மட்டுமே எடுத்துக்கொண்டனர். 1812 மார்ச்சில் அச்சகம் தீக்கிரையானபோது ஏற்பட்ட நட்டத்தை ஈடுசெய்ய ஏறத்தாழ 10,000 பவுன் வேண்டியிருந்தது. செய்தி எட்டிய இரண்டே மாதங்களில் பிரித்தானிய மக்கள் அத்தொகையைத் தந்தனர். கெட்டரிங் வட்டம் அதற்குள் நாடளாவிய சங்கமாகியிருந்தது.

சிக்கலும் அங்கேதான் முளைத்தது. 1814இல் சட்கிளிஃப் மறைந்தார். அடுத்த ஆண்டு ஃபுல்லர் மறைந்தார். அவர்கள் இடத்திற்கு வந்த குழுவினர், செராம்பூர்ச் சொத்து யாருடையது, அதன் பொறுப்பாளரை நியமிப்பவர் யார் என வினவினர். செராம்பூராரோ, அது தங்கள் கைகளால் ஈட்டப்பட்டுத் தேவபணிக்கென ஒப்படைக்கப்பட்டது. அதில் தங்களுக்குச் சொந்தப் பாத்தியதை கிடையாது, ஆயின் நிர்வாகம் தங்களிடமே இருத்தல் வேண்டும் என்றனர். இதற்கிடையே இளம் ஊழியர்கள் பிரிந்து கல்கத்தாவில் தனியே பணி தொடங்கினர். அவர்களுள் கேரியின் உடன்பிறந்தார் மகன் யூஸ்டஸும், 70 பவுன் திரட்டிய பியர்ஸின் மகன் வில்லியமும் இருந்தனர் என்பது வருந்தத்தக்கது.

லண்டன் குழுவினரைப் பேராசைக்காரராகத் தீட்டும் வரலாற்றாசிரியர் உண்டு. அது நேர்மையாகாது. முகமறியாத ஆயிரம் பேரின் பென்னிகளை வாங்கியவர் கணக்குக் கேட்டே தீரவேண்டும். ஃபுல்லருக்கு ஒரு கடிதம் போதுமாயிருந்தது. கேரியை அவர் அறிவார். கேரியை ஒருமுறையும் கண்டிராத குழுவுக்குப் பத்திரம் தேவைப்பட்டது. நட்பே பத்திரமாக இருந்த காலத்தில், நண்பர்கள் மறைந்தபின் என்ன செய்வது என்பதை இருதரப்பாரும் எழுதி வைக்கவில்லை என்பதே என் கருத்து. செராம்பூரார் பொறுப்பைத் தங்கள் சிறு வட்டத்திற்குள்ளேயே வைத்துக்கொள்ள முயன்றது ஐயத்தை வளர்த்தது என்பதையும் மறைத்தல் ஆகாது.

1827இல் இருசாராரும் முற்றிலும் பிரிந்தனர். டென்மார்க் அரசர் செராம்பூர்க் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமைச் சாசனம் அளித்ததும் அதே ஆண்டில்தான். 1834 ஜூன் 9ஆம் நாள் கேரி மறைந்தபோது பிளவு ஆறியிருக்கவில்லை. 1837இல்தான் செராம்பூர் அருட்பணி சங்கத்தோடு மீண்டும் இணைந்தது. மூவருள் எஞ்சியிருந்த மார்ஷ்மனும் அவ்வாண்டு டிசம்பரில் காலமானார்.