சுவடியிலிருந்து தொகுப்பு வரை: நாம் வாசிக்க வேண்டிய கவிதைகள்



"கவிதை வாசிக்கணும், எதிலிருந்து தொடங்கலாம்?" மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர் பக்கமிருந்து கல்லூரிக்குப் போகும் மாணவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஐந்தாறு புத்தகங்களின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தப் புத்தகங்கள் நம் கைக்கு வந்து சேர்ந்த கதையையும் தெரிந்துகொண்டால்தான், அவற்றை ஏன் விட்டுவிடக் கூடாது என்பது புரியும்.

பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) தன் குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தியை எழுதிவைத்திருக்கிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற வெள்ளைக்கார துரையிடம் பட்லராக இருந்தவர். அவரிடமிருந்த திருக்குறள் ஏடுகள்தாம் எல்லிஸ் துரையின் கைக்குப் போய், பின்னர் அச்சேறின என்கிறார் பண்டிதர். கல்விக்கே உரிமையில்லை என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தின் வீட்டில் குறள் பத்திரமாக இருந்திருக்கிறது.

1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழை அயோத்திதாசர் கொண்டுவந்தார். இதழ் நம் கையில் இருந்தவரை, நம் சொல்லை அச்சிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இதழ்கள் நின்ற பிறகு அந்த எழுத்துகளும் மறக்கடிக்கப்பட்டன. 1999-ல் ஞான. அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைக் கொண்டுவந்த பிறகே பண்டிதர் மீண்டும் பரவலாக வாசிக்கப்பட்டார். பாதுகாக்க ஆளில்லாத எழுத்துக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அடுத்த திருப்பம் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் அவர்கள் செய்த 'குற்றம்'. கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தக் காலத்தின் கோபத்தைக் கவிதையாக்கியவர்களில் முக்கியமானவர் இன்குலாப். கீழக்கரையில் பிறந்த சாகுல் அமீது அவர். பிறப்பால் தலித் அல்லர். அவருடைய 'மனுசங்கடா' பாடலை கே.ஏ. குணசேகரன் மேடைதோறும் பாடி ஊர் ஊராகக் கொண்டுசென்றார். 'ஒவ்வொரு புல்லையும்' என்ற அவருடைய கவிதைத் தொகுப்பிலிருந்து நீங்கள் தொடங்கலாம். 2017-ல் அவர் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்ட சாகித்ய அகாதமி விருதை ஏற்க அவர் குடும்பம் மறுத்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

1972-ல் பம்பாயில் 'தலித் பேந்தர்ஸ்' பிறந்தது. அதைத் தொடங்கிய நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் கவிஞர்கள். தமிழில் அந்த அலை, 1991-ல் வந்த அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்தது. மற்றவர்கள் நமக்காக எழுதியது போக, நாமே நம் மொழியில் எழுதிய காலம் அது. அதிலிருந்தும் அதற்குப் பின்பும் வந்தவற்றில் ஐந்தைப் பரிந்துரைக்கிறோம்.

என்.டி. ராஜ்குமாரின் 'ஒடக்கு': மந்திரச் சடங்குகள் செய்துவந்த குடும்ப மரபிலிருந்து, நாகர்கோவில் பக்கத்து மொழியில் வந்த கவிதைகள். முதல் வாசிப்பில் புரியாவிட்டால் சத்தமாக வாசியுங்கள்.

ம. மதிவண்ணனின் 'நெரிந்து': அருந்ததியர் பக்கமிருந்து வரும் குரல். தலித் சமூகங்களுக்குள்ளேயே இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பேச மறுத்தால் நம் அரசியல் பொய்யாகிவிடும் என்று உணர்த்துபவர் அவர்.

ஆதவன் தீட்சண்யாவின் 'புறத்திருந்து': கேலியும் கோபமும் ஒன்றாக வருவதைப் பார்க்கலாம்.

சுகிர்தராணியின் 'இரவு மிருகம்' (2004): சாதியும் ஆணாதிக்கமும் ஒரே உடலின் மேல் எப்படி விழுகின்றன என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்வது.

உமாதேவியின் 'திசைகளைப் பருகியவள்': வடசென்னையைக் களமாகக் கொண்ட 'மெட்ராஸ்' (2014) படத்தின் 'நான் நீ' பாட்டை எழுதியவரின் கவிதைகள்.

ஏன் தொகுப்பாகவே வாசிக்கச் சொல்கிறோம்? 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து சுகிர்தராணியின் 'கைம்மாறு', 'என்னுடல்' ஆகிய கவிதைகளையும், பாமாவின் 'சங்கதி'யையும், மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையையும் நீக்கியது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதற்கு எதிராக 1993-லும் 2013-லும் சட்டங்கள் வந்தன. அந்தக் கொடுமையைப் பேசும் 'கைம்மாறு' வகுப்பறையில் இருக்கக் கூடாது என்று ஒரு குழு முடிவெடுக்கிறது. பாடத்திட்டம் தருவது ஒன்றிரண்டு கவிதைகள். தந்தவர்களே அவற்றை எடுத்துவிடவும் முடியும். நம் அலமாரியில் இருக்கும் தொகுப்பை எந்தக் குழுவாலும் நீக்க முடியாது.

இன்னொரு செய்தி நம் ஊரைத் தொடுவது. மீஞ்சூரிலிருந்து கிழக்கே போனால் காட்டுப்பள்ளி. 2018 முதல் அங்குள்ள துறைமுகம் அதானி குழுமத்திடம் இருக்கிறது. அதன் விரிவாக்கத் திட்டத்தைப் பழவேற்காடு மீனவர்கள் எதிர்த்துவருகிறார்கள். 2023 பிப்ரவரியில் ஓர் ஆங்கில நாளிதழ்க் குழுமம் தனக்கு அறிவித்த விருதை, நிகழ்ச்சியின் முதன்மைப் புரவலர் அதானி நிறுவனம் என்று அறிந்ததும் சுகிர்தராணி மறுத்துவிட்டார். அரசுப் பள்ளி ஆசிரியர் அவர். எழுத்தையும் வாழ்வையும் பிரித்துப் பார்க்காத கவிஞரை வாசிக்கிறோம் என்ற தெளிவு நமக்கு வேண்டும்.

இந்தத் தொகுப்புகளில் சில கடைகளில் எளிதில் கிடைக்காது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் தேடுங்கள்; நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகளைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் அதுவும் ஒன்று. நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு ஒரு பிரதி வாங்கலாம். கும்மிடிப்பூண்டி ரயிலில் மீஞ்சூரிலிருந்து சென்ட்ரல் போய்ச் சேர்வதற்குள் பத்துக் கவிதைகள் வாசித்துவிடலாம். உங்கள் தெருவில் சாவு வீட்டில் பாடும் கானாக்காரரின் பாட்டையும் அவரிடம் கேட்டு, அவர் பெயரோடு எழுதிவையுங்கள். அதுவும் நம் கவிதைதான். இன்னும் அச்சேறாத சுவடி.

ஏடுகளைப் பாதுகாத்த கந்தப்பனின் வேலை இப்போது நம்முடையது.

ஜெய்பீம்!