நிறுவனங்களில் டெவ்ஆப்ஸ்

டெவ்ஆப்ஸ் என்பது ஒரு மென்பொருளை உருவாக்குவோரும், அதனை வழங்கிகளில் நிறுவி இயக்கிப் பராமரிப்போரும் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு இணைந்து செயற்படும் முறையாகும். உருவாக்கம், இயக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் டெவலப்மென்ட், ஆபரேஷன்ஸ் என்னும் இரு ஆங்கிலச் சொற்களின் முற்பகுதிகளைச் சேர்த்து இப்பெயர் ஆக்கப்பட்டது. இது விலைக்கு வாங்கக்கூடிய கருவியோ, ஒரு தனிப் பதவியோ அன்று. ஒரு நிறுவனம் இம்முறையைக் கைக்கொண்டுள்ளதா என்பதை, அங்கு ஒரு மாற்றம் பயனரை எவ்வளவு விரைவாகவும் பழுதின்றியும் சென்றடைகிறது, பழுது நேர்ந்தால் எவ்வளவு விரைவில் சீராகிறது ஆகியவற்றைக் கொண்டே அறியலாம்.

பின்னணி

மரபான நிறுவன அமைப்பில் உருவாக்கக் குழுவும் இயக்கக் குழுவும் தனித்தனித் துறைகளாக இருந்தன. புதிய வசதிகளை விரைந்து வெளியிடுவது முதற்குழுவின் கடமை. அமைப்பு நிலைகுலையாமல் காப்பது இரண்டாம் குழுவின் கடமை. ஒவ்வொரு மாற்றமும் ஓர் இடர் என்பதால் இவ்விரு நோக்கங்களும் ஒன்றோடொன்று மோதின.

இதனால் பல நிறுவனங்கள் மாற்றங்களைச் சேர்த்துவைத்துச் சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாக வெளியிட்டன. இது பாதுகாப்பானது போலத் தோன்றினாலும் உண்மையில் இடரைக் கூட்டுகிறது. நூறு மாற்றங்கள் ஒரே இரவில் வெளியிடப்பட்டுப் பழுது ஏற்பட்டால், எந்த மாற்றம் காரணம் என்று கண்டறிவது கடினம். ஒரே ஒரு மாற்றம் வெளியிடப்பட்டிருந்தால் தேட வேண்டிய இடமும் ஒன்றே. சிறிய மாற்றங்களை அடிக்கடி வெளியிடுதல் என்னும் டெவ்ஆப்ஸ் கொள்கைக்கு இதுவே அடிப்படை.

வரலாறு

2009 சூன் மாதம் அமெரிக்காவின் சான் ஒசே நகரில் நடைபெற்ற வெலாசிட்டி மாநாட்டில், பிளிக்கர் ஒளிப்படத் தளத்தைச் சேர்ந்த ஜான் ஆல்ஸ்பா, பால் ஹாமண்ட் ஆகியோர் தம் நிறுவனத்தில் நாளொன்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை மென்பொருள் நிறுவப்படுவதை விளக்கினர். அவ்வுரையால் ஊக்கம் பெற்ற பெல்ஜியத்தைச் சேர்ந்த பாட்ரிக் டெபுவா, அதே ஆண்டு அக்டோபரில் கெண்ட் நகரில் டெவ்ஆப்ஸ்டேஸ் என்னும் முதல் சந்திப்பை நடத்தினார். டெவ்ஆப்ஸ் என்னும் பெயர் அதிலிருந்து பரவியது. 2010இல் ஜெஸ் ஹம்பிள், டேவிட் ஃபார்லி ஆகியோர் தொடர் வழங்கல் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது.

நைட் கேப்பிட்டல் நிகழ்வு

மென்பொருள் நிறுவும் முறை சீராக இல்லாதபோது ஒரு வணிகம் எதை இழக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிட்டல் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இந்நிறுவனம் 2012 சூலை இறுதியில் தனது எட்டு வழங்கிகளில் புதிய நிரலை நிறுவியது. அப்பணியைச் செய்த பணியாளர் ஒரு வழங்கியில் மட்டும் நிரலை நிறுவத் தவறினார். அதனை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து வடிவிலான நடைமுறை அங்கு இல்லை.

விடுபட்ட வழங்கியில், 2003ஆம் ஆண்டிலிருந்தே பயன்படுத்தப்படாத ஒரு பழைய நிரற்பகுதி நீக்கப்படாமல் இருந்தது. அப்பகுதியை முன்பு இயக்கிய அதே குறியே புதிய நிரலுக்கும் பயன்படுத்தப்பட்டிருந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும் பழைய பகுதி விழித்துக்கொண்டு இலட்சக்கணக்கான தவறான வணிகங்களைச் செய்தது. பழுதைச் சீராக்க முயன்றவர்கள், சரியாக நிறுவப்பட்டிருந்த ஏனைய ஏழு வழங்கிகளிலிருந்தும் புதிய நிரலை நீக்கினர். அதனால் அவற்றிலும் பழைய பகுதி இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பு ஏற்பட்டது.

சந்தை திறக்கும் முன்னரே பழுதைச் சுட்டும் 97 தானியங்கு மின்னஞ்சல்கள் பணியாளர்களுக்குச் சென்றிருந்தன. எனினும் அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்படாததால் எவரும் அவற்றின்படி செயற்படவில்லை. 2013இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையம் இந்நிறுவனத்துக்கு 1.2 கோடி டாலர் தண்டம் விதித்தது. அதே ஆண்டில் நிறுவனம் கெட்கோ நிறுவனத்துடன் இணைந்து தன் தனித்தன்மையை இழந்தது.

முதன்மை நடைமுறைகள்

மேற்கண்ட நிகழ்வின் ஒவ்வொரு கண்ணிக்கும் மாற்றாக அமையும் நடைமுறைகளைக் கீழே காணலாம்.

* பதிப்புக் கட்டுப்பாடு: நிரல், அமைப்பு விவரங்கள் அனைத்தும் ஒரே களஞ்சியத்தில் வைக்கப்படும். எந்த வழங்கியில் எந்தப் பதிப்பு உள்ளது என்பது ஐயமின்றித் தெரியும்.
* தொடர் ஒருங்கிணைப்பு: ஒவ்வொருவரும் எழுதும் நிரல் நாள்தோறும் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டுத் தானியங்குச் சோதனைக்கு உட்படுத்தப்படும்.
* தானியங்கு நிறுவல்: எட்டு வழங்கிகளாயினும் எண்ணூறாயினும் ஒரே கட்டளைத்தொடரால் நிறுவப்படும். மனித மறதிக்கு அங்கு இடம் குறைவு.
* படிப்படியான வெளியீடு: மாற்றம் முதலில் சிறுபகுதிப் பயனர்களுக்கு மட்டும் வழங்கப்படும். பழுது தென்பட்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். அவ்வாறு திரும்பும் வழியும் முன்கூட்டியே சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.
* கண்காணிப்பு: அமைப்பின் நிலை இடையறாது அளக்கப்படும். எச்சரிக்கை வந்தால் யார் செயற்பட வேண்டும் என்பது வரையறுக்கப்பட்டிருக்கும்.
* பழிசுமத்தாத ஆய்வு: பழுதுக்குப் பின், தவறியவர் யார் என்பதை விட, அத்தவற்றுக்கு இடமளித்த முறை எது என்பது ஆராயப்படும்.

நடைமுறைப்படுத்தல்

முதற்படி, ஒரு மாற்றம் எண்ணமாகத் தோன்றியது முதல் பயனரை அடையும் வரையிலான வழியை வரைந்து பார்ப்பதாகும். எடுத்துக்காட்டாக, ஒரு சிறு மாற்றத்துக்கு நிரல் எழுத 4 மணி நேரம், சோதனைக்கு 4 மணி நேரம், நிறுவலுக்கு 1 மணி நேரம் தேவை எனக் கொள்வோம். சோதனைக் குழுவுக்காக 5 நாட்களும், ஒப்புதலுக்காக 7 நாட்களும் காத்திருந்தால், உண்மையான வேலை 9 மணி நேரமே. காத்திருப்போ 12 நாட்கள். இந்நிலையில் நிரலாளரை விரைவுபடுத்துவதால் பெரும்பயன் இல்லை. காத்திருப்பைக் குறைப்பதே தேவையானது.

அடுத்து, முழு நிறுவனத்தையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், ஒரு செயலியையும் அதற்குப் பொறுப்பான ஒரு குழுவையும் தேர்ந்து தொடங்குவது நன்று. பழைய இரு குழுக்களுக்கு இடையில் டெவ்ஆப்ஸ் குழு என்னும் மூன்றாவது குழுவை நிறுவி நிறுத்திக்கொள்வது பரவலான தவறாகும். அது ஒரு சுவரை இரண்டு சுவர்களாக்கக்கூடும்.

மதிப்பீடு

நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகியோரின் ஆய்வுகளால் பின்வரும் நான்கு அளவைகள் பரவலாயின. இவ்வாய்வுகளின் தொகுப்பு நூல் 2018இல் வெளிவந்தது.

1. நிறுவல் அடுக்கம்: குறிப்பிட்ட காலத்தில் எத்தனை முறை மென்பொருள் பயனருக்கு வெளியிடப்படுகிறது.
2. மாற்றக் காலம்: களஞ்சியத்தில் சேர்ந்த நிரல் பயன்பாட்டுக்கு வர ஆகும் காலம்.
3. மாற்றத் தோல்வி வீதம்: பழுதை விளைவித்த வெளியீடுகளின் விழுக்காடு. 40 வெளியீடுகளில் 4 பழுதானால் இது 10% ஆகும்.
4. மீட்புக் காலம்: பழுதிலிருந்து சேவை மீள ஆகும் காலம்.

முதல் இரண்டும் விரைவையும், பின் இரண்டும் உறுதிப்பாட்டையும் அளக்கின்றன. ஆகையால் நான்கையும் சேர்த்தே நோக்க வேண்டும். விரைவைக் கூட்டினால் உறுதி குறையும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் சிறந்த குழுக்கள் இரண்டிலும் ஒருங்கே முன்னிற்பதை மேற்கூறிய ஆய்வுகள் காட்டின.

விமர்சனங்கள்

இவ்வாய்வுகள் பெரும்பாலும் பணியாளர்கள் தாமே அளித்த விடைகளை அடிப்படையாகக் கொண்டவை என்பது ஒரு குறையாகச் சுட்டப்படுகிறது. மேலும், ஓர் அளவை இலக்காக மாறும்போது நல்ல அளவையாக இருப்பதில்லை என்னும் குட்ஹார்ட் விதி இங்கும் பொருந்தும். நிறுவல் எண்ணிக்கைக்குப் பரிசளித்தால் ஒரே மாற்றம் பத்தாகப் பிரிக்கப்படலாம். பழுதுகளுக்குத் தண்டனை அளித்தால் அவை பதிவு செய்யப்படாமல் மறைக்கப்படலாம். மறைக்கப்பட்ட பழுதைத் திருத்த இயலாது. எனவே இவ்வளவைகளைக் குழுக்களை ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்தப் பயன்படுத்தாமல், ஒரு குழு தன் நேற்றைய நிலையுடன் இன்றைய நிலையை ஒப்பிடப் பயன்படுத்துவதே பொருத்தமானது.

இவற்றையும் பார்க்க

* மென்பொருள் பொறியியல்
* மென்பொருள் சோதனை
* பதிப்புக் கட்டுப்பாடு